மனப்பாடமாய் இருந்த ஒரே எண்

அமெரிக்காவில் ஜெயில் வேறு, ப்ரிஸன் வேறு. தண்டனை விதிக்கப்பட்டவர்களை நீண்ட காலம் வைத்திருக்கும் இடம் ப்ரிஸன். அது மாநில அரசுடையது அல்லது மத்திய அரசுடையது. ஜெயில் பெரும்பாலும் கவுண்ட்டியுடையது. நம்ம ஊர்க் கணக்கில் மாவட்டம் மாதிரி என்று சொல்லலாம். அதை நடத்துபவர் ஷெரிஃப், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. கவுண்ட்டி ஜெயிலில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாதவர்கள். விசாரணைக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் நிறைய பேர் காத்திருப்பது விசாரணைக்குக்கூட இல்லை, பணத்துக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை. டெக்சாஸில் நாங்கள் நாலு பேர் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். மூன்று பேர் வேலையில், ஒருவன் முதுகலை மாணவன். அவனுக்கு ஊர் திருமங்கலம் பக்கம். காலையில் அவன் அம்மா எனக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டார். "தம்பி, புள்ள நேத்து ராத்திரியில இருந்து போன எடுக்கலப்பா. மெசேஜ் அனுப்பினா ஒத்த டிக்குதான் வருது." அறையில் போய்ப் பார்த்தேன். படுக்கை மடித்தபடியே இருந்தது. "லைப்ரரியில இருப்பாம்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

முதலில் மருத்துவமனைகளுக்குப் போன் செய்தோம். அப்புறம்தான் ஒருத்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஷெரிஃப் வெப்சைட்ல ஒரு தடவை பாத்துருவோமா?"

கைதாகி உள்ளே போகிறவர்களின் பட்டியல் அநேகமாக எல்லாப் பெரிய கவுண்ட்டிகளிலும் இணையத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், பிறந்த தேதி, என்ன வழக்கு, எவ்வளவு பிணைத்தொகை, பல இடங்களில் புகைப்படமும்கூட. அவன் பெயரைப் போட்டோம். வரவில்லை. அப்பா பெயரைப் போட்டோம். வரவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் எஃப்.என்.யு. ஞாபகம் வந்தது. தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக இந்த மூன்று எழுத்தைப் போடுவார்கள். கல்லூரியில் அவனை விளையாட்டாக "ஃபனூ" என்று கூப்பிடுவதுண்டு. கடைசிப் பெயரில் அவன் பெயர், முதல் பெயரில் எஃப்.என்.யு. தட்டிய உடனே படம் வந்தது. சாம்பல் சுவர், கலைந்த தலை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கு, திருட்டு. ஒரு பெரிய கடையில் தானே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இடத்தில் சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் வெளியே கொண்டுபோனான் என்று. நூறு டாலருக்குமேல் எழுநூற்றைம்பதுக்குள் என்றால் டெக்சாஸ் சட்டத்தில் அது 'க்ளாஸ் பி' சிறுகுற்றம். அதிகபட்சம் 180 நாள் ஜெயில், 2,000 டாலர் அபராதம். அவன் மறந்தானா, எடுத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அன்றைக்கு அவன் நிரபராதி. பிணைத்தொகை 1,500 டாலர்.

பிணைத்தொகையை யார் முடிவு செய்கிறார்கள்? கைதானவரைச் சீக்கிரமே ஒரு மேஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவார்கள்; டெக்சாஸில் 48 மணி நேரத்துக்குள். பல இடங்களில் அது வீடியோ வழியாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேஜிஸ்ட்ரேட் வழக்கைச் சொல்வார், உரிமைகளைச் சொல்வார், தொகையைச் சொல்வார். பிறகு மூன்று வழிகள். முதலாவது, சொந்த உறுதியில் வெளியே விடுவது. பணம் கட்ட வேண்டாம், வாய்தாவுக்கு வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டாவது, முழுத் தொகையையும் கவுண்ட்டியிடம் கட்டுவது. ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் சிறு நிர்வாகக் கட்டணம் போக, ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத் திரும்பி வரும். மூன்றாவது, பாண்ட்ஸ்மேன்.

பல கவுண்ட்டி ஜெயில்களுக்கு எதிரே நியான் விளக்கில் 'பெயில் பாண்ட்ஸ்' என்று நாலைந்து கடைகள் மின்னும். நம்ம ஊரில் கோர்ட் வாசலில் டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை மாதிரி. தொகையில் வழக்கமாகப் பத்து சதவீதத்தை அவர்களிடம் கொடுத்தால், முழுத் தொகைக்கும் அவர்கள் பொறுப்பேற்றுக்கொள்வார்கள். அந்தப் பத்து சதவீதம் அவர்களுடைய கட்டணம். வழக்கே பொய் என்று தள்ளுபடியானாலும் திரும்ப வராது. இப்படி ஜாமீனையே தொழிலாக நடத்த விடும் நாடுகள் உலகத்தில் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் மட்டும்தான் என்பார்கள். அமெரிக்காவுக்குள்ளேயே கென்டகி 1976-இல் இந்தத் தொழிலைத் தடை செய்தது. இல்லினாய் 2023 செப்டம்பர் 18 முதல் பணப்பிணையையே ஒழித்துவிட்டது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அது.

நாங்கள் கூப்பிட்ட பாண்ட்ஸ்மேன் நல்ல மனிதராகத்தான் பேசினார். பத்து சதவீதம் என்றால் 150. ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 250 என்றார். அவர்தான் ஒரு முக்கியமான கேள்வியையும் கேட்டார்: "பையன் சிட்டிசனா? ஹோல்ட் இருக்கான்னு முதல்ல கேளுங்க." ஜெயிலில் எடுக்கும் கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போய், அங்கிருந்து குடிவரவுத் துறையின் கணினிக்கும் போகிறது. அந்தத் துறை 'எங்களுக்கு வேண்டும்' என்று சொல்லிவிட்டால், பிணை கட்டிய பிறகும் 48 மணி நேரம் வரை உள்ளேயே வைத்திருந்து அவர்களிடம் ஒப்படைக்கக் கேட்பார்கள். பணத்தைக் கட்டியும் ஆள் வெளியே வராமல் போகலாம். ஜெயிலுக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் காத்திருந்து கேட்டோம். ஹோல்ட் இல்லை.

நாங்கள் முழுத் தொகையையும் கட்ட முடிவு செய்தோம். பையனை எங்களுக்குத் தெரியும், ஓடிப்போக மாட்டான். அப்படியிருக்க 250 டாலரை எதுக்குத் தூக்கிக் கொடுக்கணும்? ஆனால் அந்த முடிவை எடுக்க முடிந்ததே ஒரு வசதிதான். மூன்று சம்பளக்காரர்கள் ஒரு வீட்டில் இருந்தோம். வாடகைக்கு வைத்திருந்த பணம் இருந்தது. கிரெடிட் கார்டு அந்த ஜன்னலில் செல்லாது, மணி ஆர்டரோ வங்கிக் காசோலையோ வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை மதியம் வங்கி மூடிவிட்டது. மளிகைக் கடைக் கவுண்ட்டரில் மூன்று மணி ஆர்டர்களாக வாங்கினோம்.

இதற்கிடையில் போன். ஜெயிலுக்குள் இருப்பவரை நாம் கூப்பிட முடியாது. அவர்தான் கூப்பிட வேண்டும். அதுவும் ஜெயில் ஒப்பந்தம் போட்டிருக்கும் போன் கம்பெனி வழியாக. செல்போனுக்கு அந்த அழைப்பு வர வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியில் நம் எண்ணைப் பதிவு செய்து முன்பணம் கட்ட வேண்டும். 25 டாலர் கட்டிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலோடு பேசுவதைத் தவிர மற்ற எல்லாப் பேச்சும் பதிவாகும்; வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்கவும் கூடாது என்று ஒரு வக்கீல் நண்பர் சொல்லியிருந்தார். என்ன பேசுவது, என்ன பேசக்கூடாது என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அழைப்பு வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்பது அவன் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே போனதும் செல்போனை வாங்கிப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். சுவரில் போன் இருந்தது, வரிசையில் நின்று எடுத்தான். எந்த எண்ணை அழுத்துவது? என் எண்ணோ, கூட இருக்கிறவர்கள் எண்ணோ, பேராசிரியர் எண்ணோ எதுவும் மனப்பாடம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே எண். சின்ன வயதில், தொலைந்துபோனால் சொல்வதற்காகப் பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்த அம்மாவின் எண். பல தடவை முயற்சி செய்திருக்கிறான். வெளிநாட்டு எண்ணுக்கு அந்த போனில் இணைப்புக் கிடையாது என்று இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்தப் போன் விஷயத்துக்குப் பின்னால் ஒரு பாட்டியின் கதை இருக்கிறது. வாஷிங்டனில் வாழ்ந்த மார்த்தா ரைட். சிறையில் இருந்த பேரனோடு பேசப் போன் கட்டணம் கட்டியே ஓய்ந்துபோனவர். 2000-இல் வழக்குப் போட்டார். 2003-இல் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். பல ஜெயில்களில் போன் கம்பெனி வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு ஜெயிலை நடத்துபவர்களுக்கே போனது, அதனால் கட்டணத்தைக் குறைப்பதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. அவர் 2015-இல் இறந்தார். அவர் பெயரில் ஒரு சட்டம் 2023 ஜனவரியில்தான் கையெழுத்தானது. நியூயார்க் நகரம் 2019-லும் சான் ஃபிரான்சிஸ்கோ 2020-லும் தங்கள் ஜெயில்களில் போனை இலவசமாக்கின.

சின்னத் தொகைதானே என்று தோன்றலாம். காலிஃப் ப்ரவுடருக்கு 16 வயதில் விதித்த பிணை 3,000 டாலர். ஒரு முதுகுப்பையைத் திருடியதாக 2010-இல் கைது செய்தார்கள். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலில் மூன்று வருடம், அதில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் தனிமைச் சிறை. விசாரணையே நடக்காமல் வழக்கைக் கைவிட்டார்கள். 2015-இல் தற்கொலை செய்துகொண்டான். அதே 2015-இல் டெக்சாஸின் வாலர் கவுண்ட்டியில், லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட சான்ட்ரா ப்ளாண்ட் கைதாகி, மூன்றாம் நாள் ஜெயில் அறையில் இறந்து கிடந்தார். பிணை 5,000 டாலர். வெளியே வரத் தேவைப்பட்டது ஏறக்குறைய 500.

ஹியூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்ட்டியில் இதை எதிர்த்து வழக்கு நடந்தது. சிறுகுற்ற வழக்கில் கைதானவரைப் பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2017-இல் நீதிபதி லீ ரோசந்தால் உத்தரவிட்டார். 2019-இல் சமரசத் தீர்ப்பு ஏற்பட்டு, அங்கே பெரும்பாலான சிறுகுற்றங்களுக்கு முன்பணம் இல்லாமலே விட வேண்டும் என்றானது. எங்கள் கவுண்ட்டி அது இல்லை. ஒரு கவுண்ட்டி எல்லையைத் தாண்டினால் சட்டத்தின் முகமே மாறுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நம் உச்ச நீதிமன்றத்தின் 1978-ஆம் வருட மோத்தி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அவர் சகோதரரின் ஜாமீனை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்தபோது, ஒரு தமிழனோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே ஜாமீனுக்கு யாரைப் போய்த் தேடுவான் என்று கேட்டார். தமிழில் பிணை என்ற சொல்லுக்குக் கட்டு என்றும் பொருள். ஒருவருக்காக இன்னொருவர் தன்னைக் கட்டிக்கொள்வது. நம்மூரில் அந்த ஆளைக் கேட்டு இழுத்தடிப்பார்கள். இங்கே ஆள் வேண்டாம், விலை இருந்தால் போதும். ஏழைக்கு இரண்டும் ஒன்றுதான்.

மறுபடி அம்மா கூப்பிட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு முதல் கேள்வி, "சோறு போடுறாங்களாப்பா?" இரண்டாவது, "எவ்வளவு தம்பி?" சொன்னேன். கிட்டத்தட்ட ஒண்ணேகால் லட்சம் ரூபாய். "பேங்க்ல நகைய வச்சுத் திங்கக்கிழமை அனுப்பிர்றேன், அதுவரைக்கும் புள்ளய உள்ள விட்டுறாதீங்கப்பா" என்றார். கட்டியாச்சு, திரும்பி வரும் பணம்தான் என்று நான் பல தடவை சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வரும் என்பதை அவர் நம்பவில்லை. கோர்ட்டில் கட்டிய பணம் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை.

சனி இரவு எட்டு மணிக்குக் கட்டினோம். கட்டிய உடனே ஆள் வெளியே வருவதில்லை. பழைய வாரண்ட் பார்க்க வேண்டும், காகிதம் நகர வேண்டும், உடைமைகளைத் திருப்பித் தர வேண்டும். விடிகாலை மூன்றரைக்கு வந்தான். செல்போனில் சார்ஜ் இல்லை. அந்த நேரத்தில் பஸ்ஸும் இல்லை. நாங்கள் காரில் காத்திருக்காவிட்டால் நெடுஞ்சாலை ஓரமாக நடந்திருப்பான். ஏறியதும் சார்ஜரைத்தான் கேட்டான். ஊரில் அப்போது மதியம். "அம்மா" என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் அந்தப் பக்கம்தான் பேசியது.

வழக்கு ஏழு மாதம் நடந்தது. ஒரு வாய்தா தவறவில்லை. கடைசியில் தள்ளுபடி. அடுத்த மாதம் என் பெயருக்குத் தபாலில் காசோலை வந்தது. படத்தை அம்மாவுக்கு அனுப்பினோம். போன் கம்பெனியில் கட்டிய 25 டாலரைக் கேட்டு எழுதித்தான் வாங்க வேண்டியிருந்தது. வழக்குப் பதிவை அழிக்கத் தனி மனு, தனிக் கட்டணம். விசாப் படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு, தள்ளுபடியானாலும் 'ஆம்' என்றுதான் அவன் எழுத வேண்டும், ஆயுளுக்கும்.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் புதிதாக வந்து இறங்குகிறார்கள். அரிசி எங்கே வாங்குவது, வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது என்று சொல்லும்போது இதையும் சேர்த்து அவன்தான் சொல்கிறான். விசாவில் உன் பெயர் எப்படி இருக்கு என்று கூட இருப்பவர்களுக்குச் சொல்லி வை. போலீஸ் பிடிச்சா வக்கீல் வேணும்னு மட்டும் சொல்லு. தூதரகத்துக்குத் தெரிவிக்கணும்னா நீதான் கேட்கணும், இந்தியருக்கு அவங்களா சொல்ல மாட்டாங்க. இந்த ஊர் எண் ஒண்ண மனப்பாடம் பண்ணு. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவன் விடுவதில்லை. "சிரிக்காத, இப்பச் சொல்லு பாப்போம்" என்று பத்து இலக்கத்தையும் பார்க்காமல் சொல்லவைத்த பிறகுதான் சாப்பிட விடுகிறான்.