தண்ணீர் போகும் வழியில்

தோட்டம் போட ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் நர்சரிக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள் என்பேன். காலையில் பல் துலக்குவதில் தொடங்கி இரவு பாத்திரம் கவிழ்த்து வைப்பது வரை, எந்தத் தண்ணீர் எங்கே போய் மறைகிறது என்று பாருங்கள். என்ன செடி, எந்த மூலை என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்து வில்லிவாக்கத்தில் இறக்கினார்கள். குடிக்கிற தண்ணீரே ரயிலில் வந்த ஊரில், தொட்டிச் செடிக்கு ஹோஸ் பிடித்து நிற்க எனக்கு மனம் வரவில்லை. செடி கொடி இல்லாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

பாட்டி வீட்டில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல், அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால், அது போய் முடிகிற இடத்தில் வாழை, ஓரமெல்லாம் கல்வாழையும் சேம்பும். பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் தென்னைக்கு. வீட்டு வேலை முடிந்தால் செடிகளும் குடித்து முடித்திருக்கும். தண்ணீர் போகிற இடம் பார்த்துச் செடியை வைத்தார்கள். நாம் செடியை எங்கோ வைத்துவிட்டு, அதற்கென்று புதுத் தண்ணீர் சுமக்கிறோம். குழாய்கள் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளிந்துகொண்டதால், ஒரே ஒரு முறை கை நனைத்த தண்ணீர் எத்தனை வாளி சாக்கடைக்குப் போகிறது என்பது கண்ணில் படுவதில்லை. புழக்கடை இல்லாமல் போனதில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான்.

ஆனால் பாட்டி காலத்து வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அன்று சாம்பலும் சீயக்காயும் அரப்பும் கலந்த தண்ணீர். இன்று சோப்புத் தூள் கலந்தது. அதிலுள்ள சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போனால் மண் இறுகிவிடும். அதனால் துணி துவைத்த தண்ணீரில் அலசிய கடைசித் தண்ணீரை மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரைத் தயங்காமல் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். கறிவேப்பிலைக்கு அது ஒன்றே போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு அது வாளியில் கணிசமாகச் சேரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் இதற்கு நேர் எதிர். போர்வெல் தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கும். அதைத் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து விட்டால் தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும், இலை ஓரம் கருகும். அது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும்.

இப்படிக் கணக்குப் பார்த்ததும் தோட்டத்தின் அளவு தானாகவே தெரிந்துவிடும். வீட்டுத் தண்ணீர் எத்தனை செடிக்கு வருமோ அத்தனைதான் கோடைத் தோட்டம். மீதியை மழையிடம் விட்டுவிட வேண்டும். மழையும் லேசுப்பட்டதல்ல. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் பத்து லோடுக்கு மேல். 2003இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். தொட்டி வெட்டிக் கூழாங்கல்லும் போட்டிருப்போம். ஐப்பசிக்கு முன் அதைத் திறந்து தூர் வாருகிறவர்கள் எத்தனை பேர்?

தண்ணீரை மிச்சப்படுத்துவதில் மூடாக்குக்கு இணையாக ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் சரி, மண் வெயிலைப் பார்க்காதபடி நான்கு விரற்கடை மூட வேண்டும். கத்திரி வெயிலில் மூடாத தொட்டி மாலைக்குள் காய்ந்துபோகும். மூடிய தொட்டியில் விரலை விட்டால் மறுநாளும் ஈரம் தட்டும். சொட்டுநீர்க் குழாய்க்குக் காசு செலவழிக்கும் முன் சருகைப் பெருக்கி எரிப்பதை நிறுத்தலாம். எங்கள் தெருவில் இன்னமும் எரிக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அடுத்தது செடி. முருங்கை, பிரண்டை, தூதுவளை, கொத்தவரை, காராமணி எல்லாம் வறட்சி பழகியவை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரம் கேட்பவை, அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போகிற இடத்துக்கு அருகில் இருந்தால்தான் பிழைக்கும். கொரியன் புல்லை மட்டும் யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அது தின்னவும் உதவாது, நிழலும் தராது, தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் கேட்கும்.

இந்த ஆடியில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றப்போகிறேன். மழை பிடிப்பதற்குள் வேர் இறங்கிவிடும். வாஷ்பேசின் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து மதிலோரம் திருப்பிவிட பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் வந்துவிட்டால் அங்கே ஒரு மொந்தன் வாழைக்கன்று வைக்க இடமிருக்கிறது.