தாழ்நிலத்து நகரம்

மாரி பிறந்தால் மட்டக்களப்பு நகரில் கூழாவடி, இருதயபுரம், கருவேப்பங்கேணி ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறிவிடும். காரணம் கேட்டால் ‘வடிகான் சரியில்லை’ என்ற பதில் எல்லோரிடமும் உண்டு. வடிகான் வருவதற்கு முன் அந்தத் தரையில் என்ன இருந்தது, அங்கே வீடு கட்டலாம் என்று தீர்மானித்தது யார்? அதைத் தேடிப் போனேன்.

ஒரு நுனி புளியந்தீவில் கிடைத்தது. 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்ட அந்தத் தீவைத் தெரிந்தெடுத்தார்கள். சுற்றிலும் வாவி இருந்தது காவலுக்கு வசதி. (பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை.) பின்னாளில் மாவட்டச் செயலகமான கச்சேரியும் கோட்டைக்குள்ளேயே இயங்கியது. எதிரியைத் தடுக்கப் பார்த்த இடம் ஊரின் நடுவாகிவிட்டது. 1924இல் கல்லடிப் பாலமும் 1928இல் ரயிலும் வந்தன. நகரத்துக்குத் தீவுக்கு வெளியே கால் நீட்ட வசதி கிடைத்தது.

அதற்குப் பிறகாவது ஒரு திட்டம் இருந்திருக்கும் என்று பழைய வரைபடங்களையும் பெரியவர்களையும் மாறிமாறிக் கேட்டேன். படங்களில் வயலும் சதுப்பும் தெரிந்தன. பெரியவர்களோ வருடங்களைச் சொன்னார்கள்: 1978 நவம்பர் சூறாவளி, தொண்ணூறாம் ஆண்டு யுத்தப் பிரச்சினை, சுனாமி, 2007 யுத்த இடப்பெயர்வு. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து ஓடிவந்தவர்கள் சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டார்கள். வளவு துண்டானது. மலிவாகக் கிடைத்த துண்டு எப்போதும் தாழ்நிலம்தான்.

“இதெல்லாம் அப்ப கண்ணாப் பத்தை, மனே. ஆரும் வீடு கட்டுவாங்க எண்டு நினைக்கல்ல. ஓடிவந்த சனத்திட்ட, பள்ளமா மேடா எண்டு பாத்து இரு எண்டு சொல்ல ஏலுமா?” என்றார் ஒரு முதியவர். என் தேடலுக்கு ஆவணங்களைவிட அந்தப் பதிலே உதவியது. இந்த நகரத்தை விரித்தவை அனர்த்தங்கள். அதிகாரிகள் பின்னால் வந்து வீதிக்குப் பெயர் வைத்தார்கள்.

சுனாமியில் அது பச்சையாகத் தெரிந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டான நாவலடி துடைத்தெறியப்பட்டது. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றது அரசு. தெற்கில் அது 100 மீற்றர். இரண்டும் பிறகு தளர்ந்தன. அதற்குள் நாவலடிச் சனம் தாழ்வான திராய்மடுவுக்குப் போய்விட்டது. கடலுக்குத் தப்பியவர்கள் இப்போது மழைக்குப் பயப்படுகிறார்கள். எல்லைக்கோடு போட்டவர்கள் கிழக்கே கடலை மட்டுமே பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன். இங்கே தண்ணீர் மேற்கிலிருந்தும் வரும். உன்னிச்சைக் குளத்தின் கதவு திறந்தால் அந்த நீரும் வாவிக்குத்தான். முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் வாவி தேங்கி ஏறும். அந்த மணலை எப்போது வெட்டுவது என்று வெள்ளாமைக்காரருக்கும் மீன்பிடிப்பவருக்கும் நகரத்தாருக்கும் மூன்று கணக்கு இருக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்தால் இன்றும் பலருக்கு வயிறு கலங்கும்.

கச்சேரியும் 2024இல் கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போனது. அந்தப் பக்கம் டிப்பரில் கிறவல் வந்து இறங்குகிறது. ஒருவர் வளவை உயர்த்தினால் பக்கத்து வளவில் தண்ணீர் நிற்கும். அடுத்த வருடம் அவரும் உயர்த்துவார். காணி பார்க்கப் போனேன் என்று ஒரு நண்பர் சொன்னார். மாரியில் வந்து பார்க்கலாமா என்று கேட்டாராம். விற்பவர் சித்திரைக்குள் முடித்துவிடுவோம் என்றாராம்.