வெள்ளைப் பூவும் பெரியப்பா முழங்காலும்

கோவில்பட்டியில் பஸ் ஏறி, எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டிக் குளத்தூருக்குப் போகிறவர்கள் ஜன்னல் ஸீட்டுக்காக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஸீன்தான். கறுப்பு மண், சீமைக் கருவேலம். மறுபடி கறுப்பு மண், மறுபடி சீமைக் கருவேலம். ஐப்பசி மழைக்கப்புறம் போனால் உளுந்து, பாசி, மிளகாய் என்று கரிசல் பச்சைச் சட்டை போட்டிருக்கும். நான் போனது சித்திரையில்! காலை விட்டால் உள்ளே போய்விடுகிற வெடிப்பு.

இந்த ஊருக்குத்தான் போன வருஷம் சென்னை நர்சரி ஒன்றிலிருந்து இரண்டு பூச்செடி கொண்டுபோனேன், பெரியப்பாவுக்காக. ஒன்று இளநீலம், ஒன்று வெள்ளை. "வருஷம் பூரா பச்சை சார், தண்ணி ரொம்பக் கேக்காது" என்றார் நர்சரிக்காரர். பெயர்? "பிளம்பேகோ." பி.காம். படித்தவன் காதுக்கு அது ஷேர் மார்க்கெட் கம்பெனி மாதிரி கேட்டது. மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பெரியப்பா விவரமானவர். கரிசல் மழையில் ஊறி உப்பும், தண்ணீரை விடாது. வெயிலில் சுருங்கி வெடித்து வேரை அறுக்கும். அதனால் இரண்டடிக் குழி எடுத்து, செம்மண், மணல், மக்கின ஆட்டு எரு போட்டு, தரைக்கு மேலே மேடாக்கி நட்டார். பூத்து முடிந்த கிளையைக் கழித்துவிட்டார்; பூ புதுத் தளிரில்தான் வரும். வெட்டின குச்சியைக்கூட வீணாக்காமல் மண்ணில் ஊன்றி நாலு செடி ஆக்கிவிட்டார். வட்டிக்கு விட்ட பணம்கூட அப்படிப் பெருகாது!

இந்தத் தடவை போனால், மனிதர் முழங்காலில் கட்டுடன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன பெரியப்பா இது?"

"எல்லாம் நீ குடுத்த கொடிவேலிதாம்லே!"

வெள்ளைப் பூ, தொட்டால் அடிக்குழல் பிசுபிசுவென்று சட்டையில் ஒட்டுகிறது. கொடிவேலியேதான் என்று முடிவு பண்ணி, மூட்டு வலிக்கு வேரைப் பச்சையாக அரைத்துப் பூசியிருக்கிறார். ராத்திரியெல்லாம் எரிச்சல், காலையில் கொப்புளம். "சித்திரமூலம்னு நம்ம வைத்தியத்துல இருக்கேலே!" என்று என்னிடமே நியாயம் கேட்கிறார்.

எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. வாங்கும்போது இரண்டு நிமிஷம் விசாரித்திருந்தால் அந்தக் கால் தப்பித்திருக்கும்.

விளாத்திகுளத்தில் ஒரு சித்த மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கையோடு ஒரு கிளை. பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது தென்னாப்பிரிக்காச் சரக்கு. கொடிவேலிக்குப் பங்காளி."

அடையாளம் சொன்னார். நம்ம கொடிவேலிப் பூ சின்னது, நீண்ட கதிரில் தள்ளித்தள்ளிப் பூக்கும். பூவுக்கடியில் இருக்கும் பச்சைக் குழல் முழுக்கப் பிசினாக இருக்கும். ஆப்பிரிக்காக்காரனுக்குப் பூ பெரிசு, குழல் ஒன்றரை அங்குலம், கொத்தாகப் பூக்கும். பிசின் பச்சைக் குழலின் மேல்பாதியில்தான். இலைக்காம்படியில் இரண்டு குட்டிக் காது மாதிரி இருக்கும். சிவப்பாகப் பூத்தால் செங்கொடிவேலி. குறிஞ்சிப்பாட்டின் பூப் பட்டியலிலேயே அதற்கு இடம் உண்டு.

"அப்ப நெசக் கொடிவேலியா இருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்றார் பெரியப்பா, கேஸ் ஜெயித்த தோரணையில்.

"அதுவும் வெந்துதான் போயிருக்கும், ஐயா. ரெண்டு வேர்லயும் பிளம்பேஜின்னு ஒரே சரக்கு. பச்சையாப் பட்டா தோலு கொப்புளிக்கும். சித்தத்துல வேரைச் சுத்தி பண்ணித்தான் மருந்தாக்குவோம். வீட்டுல அரைக்கிற சமாசாரம் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா மண்வெட்டியை எடுத்துவிட்டார். பெரியப்பா விடவில்லை. "பூ என்னடி பண்ணுச்சு?" என்று பழைய டப்பா மூடி ஒன்றைத் தேடியெடுத்து, பெயிண்ட்டையும் என் கையில் கொடுத்து எழுதச் சொன்னார். இப்போது குளத்தூரில் அந்தச் செடியில் போர்டு தொங்குகிறது:

'கொடிவேலி அல்ல. ஆப்பிரிக்கா. வேரைத் தொடாதீர்!'