காய்ச்சல் ரொட்டியும் கருப்பட்டி புட்டிங்கும்

சமையல் குறிப்பு எழுதுவதில்லை என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். துபாய் மச்சானும் சிங்கப்பூர் சித்தியும் மாற்றி மாற்றி போன் போட்டு, "அந்த பிரட் புட்டிங் எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டே அந்த வைராக்கியத்தைக் கலைத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. குறிப்பு மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கீழே போய்விடலாம். கதை கேட்க நேரமிருப்பவர்கள் கூடவே வாங்க.

முதலில் ஒரு கேள்வி. பிரட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

கோவில்பட்டிப் பக்கம் வளர்ந்த எனக்குக் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "ரெண்டு நாளைக்கு ரொட்டியும் பாலும் குடுங்க" என்பார். பெரியாஸ்பத்திரி வாசல் பழக்கடையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில், பிரட் பாக்கெட் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களின் சீர்வரிசை அது. கையில் பிரட் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால் நாலு பேராவது நிறுத்தி, "யாருக்கு மேலுக்குச் சரியில்ல?" என்று விசாரிப்பார்கள். 1965-ல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் என்று ஒரு நிறுவனமே தொடங்கி, மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டியை நாடு முழுக்கப் பழக்கியது. அப்படியும் எங்கள் தெருவில் அது சாப்பாட்டில் சேரவில்லை. மருந்தில்தான் சேர்ந்தது.

இத்தனைக்கும் ரொட்டியை விருந்தாக்கத் தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், பிரியாணியோடு ஒரு கரண்டி பிரட் அல்வா வைக்காவிட்டால் பந்தி நிறையாது. ஐதராபாத்தில் ரொட்டியை நெய்யில் பொரித்து, பாகிலும் பாலிலும் ஊறவைத்து 'டபுள் கா மீட்டா' என்பார்கள். அங்கே பிரட்டுக்கு டபுள் ரொட்டி என்று பேர். எகிப்தில் 'ஓம் அலி', இங்கிலாந்தில் பிரட் புட்டிங். எல்லாவற்றுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: மிஞ்சிப்போன ரொட்டியைத் தூக்கி எறிய மனசு வராத யாரோ ஒரு அம்மா. ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிற நம்ம ஊர் அம்மாக்களுக்கு இதைப் புதுசாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரிதான். சோறு இறங்கவில்லை. ரொட்டியைப் பாலில் பிசைந்து அம்மாதான் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். கடைசி இரண்டு நாளில் அதுவும் இறங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து அம்மாவை மைசூர் எக்ஸ்பிரஸில் ஏற்றி பெங்களூருக்குக் கூட்டி வந்தேன். கவுச்சியை விட்டுவிட்டாள், முட்டையையும் சேர்த்து. அது அவள் இஷ்டம், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மற்ற சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 52 கிலோ இருந்தவள் 44-க்கு வந்துவிட்டாள். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்த டாக்டர், நோய் எதுவும் இல்லை, சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். என்ன செய்து கொடுத்தாலும், "பசிக்கலய்யா, நீ சாப்பிடு" என்பாள். மகள் காலையில் டோஸ்ட் சாப்பிட உட்கார்ந்தால் அம்மா மெதுவாக எழுந்து பால்கனிக்குப் போய்விடுவாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிகிற விஷயம்தானே.

ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு ரொட்டி வாசனையிலிருந்து தப்பிக்க முடியுமா? இந்த ஊரில் தெருவுக்கு ஒரு அய்யங்கார் பேக்கரி. ஹாசன் பக்கமிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் 1898-ல் தொடங்கிய பி.பி. பேக்கரியில் ஆரம்பித்த வழி இது. அதன்பின் ஹாசன் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பிழைக்க வந்து, காரா பன்னும் தில்பசந்தும் ஹனி கேக்கும் இந்த ஊரின் சொந்தத் தின்பண்டங்கள் ஆகிவிட்டன. பழைய கடைகளில் முட்டை சேர்ப்பதில்லை. இப்போது அய்யங்கார் என்று போர்டு போட்ட எல்லாக் கடையும் அய்யங்கார்கள் நடத்துவதில்லை என்பது வேறு கதை.

எங்கள் தெருமுனைக் கடைக்காரர் அசல் ஹாசன்காரர். கல்லாவில் கன்னடம் பேசுவார், உள்ளே வீட்டுக்காரம்மாவிடம் பேசுவது ஒருவகைத் தமிழ். பல நூறு வருஷத்துக்கு முன் கர்நாடகம் போன குடும்பங்கள் அடுப்படியில் காப்பாற்றி வைத்திருக்கிற தமிழ். ஒருநாள் கூட வந்த அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இவுகளும் நம்மள மாதிரி வந்தவுகதானா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, நமக்கு ரொம்ப முன்னாடி" என்றேன். அன்றைக்குத்தான் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

தசரா லீவில் மகள் ஆரம்பித்தாள். ரொட்டியின் இரண்டு முனைத்துண்டும் எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். தங்கமணி அவற்றை டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்துக்கொண்டே வந்திருந்தாள். அதை எடுத்து வைத்துக்கொண்டு, "புட்டிங் செய்யலாம்பா. ஆனா ஆச்சியும் சாப்பிடணும், முட்டை வேண்டாம்" என்றாள் மகள். முட்டை இல்லாமல் எப்படிக் கெட்டிப்படும்? கஸ்டர்ட் பவுடர் டப்பாவை எடுத்தேன். அதன் கதையையும் அவளுக்குச் சொன்னேன்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்டு என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஆனால் கஸ்டர்ட் என்றால் ஆசை. மனுஷன் 1837-ல் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியைக் கண்டுபிடித்தார். அந்த அம்மாவுக்கு ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது என்பதால் 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்கு பேக்கிங் பவுடரும் செய்தார்.

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடமிருந்து குரல் வந்தது: "பொண்டாட்டிக்காகப் பொடி கண்டுபுடிச்சானாக்கும்? உங்கப்பாவுக்கு வெந்நி வைக்கத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அப்பா பேச்சை எடுத்து அம்மா அழாமல் பேசியது அன்றைக்குத்தான். சிரிப்போடு நிற்கவில்லை, எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டாள். நான் அளந்து வைத்திருந்த சீனியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உங்கப்பனை நம்பாத. பரண்ல உடன்குடி கருப்பட்டி இருக்கு, எடுத்துட்டு வா" என்றாள் பேத்தியிடம். அதற்குப்பின் நானும் தங்கமணியும் எடுபிடிகள்தான் :-)

இனி செய்முறை.

நேற்றைய ரொட்டி 8 துண்டு, ஓரத்தோடு. புது ரொட்டி வேண்டாம், பாலில் போட்டதும் குழைந்து கூழாகிவிடும். ரொட்டி பழசாகி விறைப்பது ஈரம் போவதால் மட்டுமில்லை, வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவதால். ஃப்ரிட்ஜில் வைத்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் பல நாள் சேர்த்துவைக்க ஃப்ரீசர்தான் நல்லது. துண்டுகளை முக்கோணமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் தாராளமாக வெண்ணெய் தடவுங்கள். கை நடுங்கக் கூடாது, இது டயட் பண்டம் இல்லை.

கருப்பட்டி 200 கிராமைத் தட்டி, அரை தம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவிடுங்கள். முக்கால் லிட்டர் பாலில் அரை தம்ளரைத் தனியே எடுத்து, அதில் 3 மேஜைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பால் கொதிக்கும்போது இதை ஊற்றி, அடுப்பைக் குறைத்து, கொப்புளம் வந்து கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை விடாமல் கிண்டி இறக்குங்கள். வெதுவெதுப்பாக ஆறியபின், நாலில் மூன்று பங்கு கருப்பட்டித் தண்ணீரைச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் பால் திரிந்துபோகும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய். சுக்கு அம்மாவின் உத்தரவு.

வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ரொட்டியை அடுக்குங்கள். நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சையை இடையிடையே தூவி, கஸ்டர்டை ஊற்றி, 20 நிமிஷம் ஊறவிடுங்கள். தட்டால் இறுக்க மூடி, குக்கரில் தண்ணீர் வைத்து, வெயிட் போடாமல் 30 நிமிஷம். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 35 நிமிஷம், மேல்பக்கம் மொறுமொறுப்பாக வரும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். "இந்த ஊர்ல பருப்பே வேகமாட்டேங்குது" என்று அம்மா புலம்புவதன் ரகசியமும் இதுதான். சென்னை, துபாய், சிங்கப்பூர்க்காரர்கள் கொஞ்சம் முன்னாடியே திறந்து பாருங்கள்.

நன்றாக ஆறி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் இருந்தால்தான் கெட்டிப்படும். மிச்சக் கருப்பட்டித் தண்ணீரைப் பாகாகக் காய்ச்சி, பரிமாறும்போது மேலே ஊற்றுங்கள்.

அம்மா என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு கிண்ணம் முன்னால் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலில் ஊறிய ரொட்டி, கையில் கரண்டி. எனக்குப் பக்கென்றிருந்தது. பேத்தி எதையும் யோசிக்காமல் ஒரு கரண்டி எடுத்து, "ஆ சொல்லு ஆச்சி" என்று ஊட்டிவிட்டாள். அம்மா மென்று முழுங்கினாள். கண் கலங்கத்தான் செய்தது. கொஞ்சம் கழித்து, "சுக்கு இன்னும் ஒரு சிட்டிகை போட்டிருக்கலாம்" என்றாள். கிண்ணத்தைக் காலி செய்தாள்.

ஒரு புட்டிங்கால் துக்கம் தீர்ந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். இப்போதும் சில நாள் "பசிக்கலய்யா" உண்டு. ஆனால் நாலு மாசத்தில் 47 கிலோவுக்கு வந்திருக்கிறாள். டோஸ்ட் போடும்போது பால்கனிக்குப் போவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து கிளம்பும்போது போன் வரும்: "எய்யா, அந்த ஹாசன்காரர் கடையில நேத்தைய ரொட்டி இருந்தா வாங்கிட்டு வா. புதுசு வேண்டாம்."

பி.கு.: கருப்பட்டிதானே என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டாவது கிண்ணம் கேட்காதீர்கள். அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.