பதிலுரைப் பாடலின் உழைப்பு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் திருவழிபாட்டு இசையைத் தேடிச் செல்பவர்களுக்கு லெபோ ஃபார்குவாரில் உள்ள விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் குழாய் ஆர்கனைத்தான் முதலில் காட்டுவார்கள். 1916இல் நிறுவப்பட்டது அது. நான் காண விரும்பியது ஆர்கனை அல்ல, பாடகர் குழுவின் உழைப்பை. அதற்குப் பினாங்கு சாலைக்குப் போக வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர் தலைமுறைகளாகக் கூடும் தூய பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. விவிலியத்திலிருந்து இன்றும் புதிதாகப் பிறக்கும் கூட்டிசை எது என்று கேட்டால், திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடல் என்பேன். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் மாறுகின்றன. அவற்றோடு திருப்பாடலும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு வாரமும் சொல்லுக்கு மெட்டுப் பொருத்தும் வேலை புதிதாகத் தொடங்குகிறது. அதைச் செய்பவர்கள் பிழைப்புக்கு வேறு தொழில் பார்க்கும் சாதாரண மக்கள்.

இந்தக் கைத்திறனின் அளவுகோல் சபையின் வாய்தான். ஒருமுறை கேட்டதும் மக்கள் திருப்பிப் பாடும்படி பல்லவி இருக்க வேண்டும். சுருதியைச் சற்றே கூட்டினாலும் பின்வரிசைகள் அடங்கிவிடும். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. வெளியிலிருந்து வந்த மெட்டில் குறில் நீண்ட சுரத்தில் விழுந்தால், கல்லறையின் 'கல்' காதுக்குக் 'கால்' ஆகிவிடும். எனவே மெட்டை வளைப்பதா, சொல்லின் இடத்தை மாற்றுவதா என்று ஒவ்வொரு அடியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை எளிமை கலையைத் தாழ்த்தாதா என்று கேட்கலாம். ஹேண்டலின் 'மெசியா'வும் விவிலிய வசனங்களால் ஆனதுதானே, அந்த உயரத்தை ஏன் எட்டக்கூடாது? கேள்வி நியாயமானது. ஆனால் 1742இல் டப்ளினில் அது முதலில் ஒலித்தது இசை அரங்கில்; அங்கே மக்கள் கேட்பவர்கள். வழிபாட்டில் மக்கள் பாடுபவர்கள். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் குழாய் ஆர்கனை உயர்வாகப் பேசுகிறது. பாடகர் குழுக்களை ஊக்கமாக வளர்க்கச் சொல்கிறது. அதோடு மக்கள் முழுவதும் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பயிற்சியில்லாத சபை பாட்டைக் கெடுக்கும், குழு மட்டும் பாடினால் போதும் என்பவர்களுக்கு இதுவே பதில்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, சீர்திருத்தச் சபைகளின் பக்கம் நின்று, 1990களில் இதையே இன்னும் துணிந்து செய்தார். வழிபாடு முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். பாடுபவர்கள் பாட்டைத் தங்கள் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒடுக்கப்பட்டோர் இசையைத் தாழ்வாகப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய மறுமொழி. பினாங்கிலும் நம் சபைகள் இந்த வழியில் யோசிக்கலாம். திருவிழா இசைக்குத் தரும் நேரத்தையும் பணத்தையும் வாராந்தரத் திருப்பாடலுக்கும், அதை உருவாக்கும் குழுவின் பயிற்சிக்கும் தர வேண்டும். அந்தச் செலவு வீண்போகவில்லை என்பதற்குச் சான்று, பல்லவியின் இரண்டாம் முறையிலேயே பின்வரிசை சேர்ந்து பாடுவதுதான்.