இரண்டு வழிகளும் ஒரு பாலமும்



2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பாடத்திட்டம் தொடர்பான ஒரு கூட்டத்திற்காக நான் சென்னை மண்ணடியில் தங்கியிருந்தேன். அஸருக்குப் பின் காயல்பட்டினத்தில் இருந்த வாப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். "மழை பலமாத்தான் இருக்கு, நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே" என்றார்கள். இஷாவுக்குப் பிறகு மீண்டும் அழைத்தபோது இணைப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் பெய்த மழை 95 சென்டிமீட்டர் என்று செய்தியில் கேட்டேன். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டதாகவும் சொன்னார்கள்.

வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, நீரிழிவு. அவர்களுடைய இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. ஊரில் மின்சாரம் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. உம்மாவால் தனியாக அவர்களை மாடிக்கு ஏற்ற முடியாது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் செய்த வேலை ஒன்றுதான்: ஓர் எண்ணை அழைப்பது, பிறகு மற்ற எண்ணை அழைப்பது.

அந்த இரண்டு எண்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹாங்காங்கில் வசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இணையம் வழியாகக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவன் நான். பாடம் நடுவில் அறுந்துபோகாமல் இருக்க ஒரு நிறுவனத்தின் கம்பி இணைப்பையும், வேறொரு நிறுவனத்தின் அலைபேசி இணைப்பையும் வைத்திருந்தேன். ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே இரவில் போயின.

புதன்கிழமை பகலில், சிக்னல் கிடைக்கும் இடம் வரை தண்ணீரில் நடந்து சென்ற பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அழைத்தார். வாப்பா மாடியில் நலமாக இருப்பதாகவும், மருந்துக்கு ஏற்பாடாகிவிட்டதாகவும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ். அதற்குமேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

ஊர் திரும்பிய பின்பும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இரண்டு நிறுவனங்கள், இரண்டு வழிகள். எப்படி ஒன்றாக அறுந்தன? கேட்பதற்கு எனக்கு ஓர் ஆள் இருந்தார். என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் பின்னர் பொறியியல் படித்து, இப்போது ஒளியிழைத் தொலைத்தொடர்பு வலையமைப்புகளை எப்படித் திட்டமிடுவது என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். அவருடைய ஆய்வு என்னவென்று அதுவரை நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. விடுமுறையில் வந்தவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"கோபுரம் நின்றதற்கு மின்சாரமும் ஒரு காரணம், ஹஜ்ரத். மின்கலம் சில மணி நேரம்தான் தாங்கும். ஆனால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த கோபுரமும் ஊமையாகத்தானே நின்றது? அலைபேசி காற்றில் போவது கோபுரம் வரைக்கும்தான். அதற்கப்பால் அதுவும் கண்ணாடி இழைதான்" என்றார்.

பிறகு அந்த இழையைப் பற்றிச் சொன்னார். கண்ணாடியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே ஒளி ஓடும் பகுதி அதிலும் மிக நுண்ணியது. 1966இல் சார்ல்ஸ் காவோ என்ற அறிவியலாளர், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம் என்று காட்டினார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் மாணவச் சிறார்கள் இருக்கும் ஊர். அவர்களுடைய ஓதல் என்னை வந்தடைவதும் அவர் காட்டிய வழியில்தான்.

இன்று ஓர் இழையில் எண்பது, தொண்ணூறு அலைநீளங்களை ஒன்றாக அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புதான் என்றாலும், புரிவதற்காக அவற்றை நிறங்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீண்ட வழியில் ஒளி மங்கிவிடுவதால் சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதற்கு வலுவூட்டுகிறார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்லும் செய்தி, இடையில் மாற்றும் கருவி இல்லையென்றால், தொடங்கிய நிறத்திலேயே கடைசிவரை போகவேண்டும். ஓர் இழையில் இரண்டு செய்திகளுக்கு ஒரே நிறம் கூடாது. எந்தச் செய்தி எந்த வழியில், எந்த நிறத்தில்? பத்து ஊர்கள் என்றால் உட்கார்ந்து யோசித்துப் போட்டுவிடலாம். ஊர்கள் பெருகப் பெருக, மிகச் சிறந்த விடையை உறுதியாகக் கண்டுபிடிப்பது கணினிக்கும் எட்டாத வேலையாகிவிடுகிறது. எனவே சிறிய வலையமைப்புக்குத் துல்லியமான கணக்கு; பெரியதற்கு ஏறக்குறைய நல்ல விடையை விரைவில் தரும் உத்திகள்.

"இதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கும் நாளுக்கான கணக்கு, ஹஜ்ரத். என் ஆய்வு அறுந்துபோகும் நாளைப் பற்றியது" என்றார் அவர்.

எங்கள் ஊர் முடுக்குகளை அறிந்தவர்களுக்கு அடுத்த பாடம் எளிது. தெருவுக்குப் போகாமலேயே பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர, வீடுகளுக்கு இடையே ஓடும் குறுகிய சந்துகள் அவை. என் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு, எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடாத இரண்டு வழிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். நான் முதலில் மிகக் குறுகிய வழியை எடுத்தேன். அது நடுவிலுள்ள ஒரு முடுக்கின் வழியே குறுக்காகப் பாய்ந்தது. அப்புறம் பார்த்தால் இரண்டாவது வழியே இல்லை. ஒரு பாதைக்குத் தேவையான முன்பாதியையும் மற்றொன்றுக்குத் தேவையான பின்பாதியையும் என் குறுக்குவழி விழுங்கிவிட்டிருந்தது.

1974இல் சூர்பாலே என்பவர் இதற்கு ஒரு முறை வகுத்தார். முதலில் குறுகிய வழியைக் கண்டுபிடி. இரண்டாவது வழியைத் தேடும்போது, முதல் வழியின் துண்டுகளில் எதிர்த்திசையில் நடக்க அனுமதி கொடு. இரு திசையிலும் நடந்த துண்டுகளை அழித்துவிடு. எஞ்சுவது, ஒன்றையொன்று தொடாத இரண்டு வழிகள். இரண்டின் மொத்த நீளமும் மிகக் குறைவு. தாளில் போட்டுப் பார்த்தேன். நடு முடுக்கு அழிந்து, இரண்டு பாதைகள் தெளிவாக நின்றன. இருபது ஆண்டுகளாக வாரிசுரிமைக் கணக்கு நடத்துகிறேன். இவ்வளவு அழகான கணக்கைக் கண்டு வெகுநாள் ஆகிவிட்டது. இப்படி இரு வழி வைத்திருக்கும் வலையமைப்பில் ஒன்று அறுந்தால், ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் செய்தி மற்ற வழிக்கு மாறிவிடுமாம்.

"அப்படியானால் நமக்கு ஏன் மாறவில்லை?" என்றேன்.

அவர் என் தாளை வாங்கி, இரண்டு பாதைகளின் குறுக்கே ஓர் ஓடையை வரைந்தார். ஓடைக்கு ஒரே பாலம். "வரைபடத்தில் இவை இரண்டு வழிகள். மண்ணில் இரண்டும் ஒரே பாலத்தின் ஓரமாக, பக்கத்துப் பக்கத்துக் குழாயில் போகின்றன. பாலம் போனால் இரண்டும் போகும்" என்றார்.

ஒன்றாகவே ஆபத்துக்கு உள்ளாகும் இணைப்புகள் என்று இவற்றைத் தனியாகப் பட்டியலிட்டுத் திட்டமிடவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெருச் சுரங்கப்பாதைக்குள் சரக்கு ரயில் ஒன்று தடம்புரண்டு தீப்பிடித்தது. ஒன்றோடொன்று போட்டியிடும் பல நிறுவனங்களின் இழைகள் அதே சுரங்கத்தில் கிடந்தன, சேர்ந்தே எரிந்தன. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே, கடலுக்கடியில் இரண்டு பெரிய கம்பிவடங்கள் அறுந்தன. இரண்டும் வெவ்வேறு உரிமையாளர்களுடையவை. எகிப்தில் தொடங்கி வளைகுடா, இந்தியா வரை இணையம் தள்ளாடியது. ஐரோப்பாவுக்கும் நமக்கும் இடையிலான வடங்களில் பெரும்பாலானவை அந்த எகிப்து வாசலையும் செங்கடலையும் கடந்தே வரவேண்டியிருக்கிறது.

இத்தகைய மறைமுகக் கூட்டுகளையும் கணக்கில் சேர்த்துவிட்டால் சூர்பாலேயின் முறை போதாது. கணக்கு மறுபடியும் கணினிக்கு எட்டாத கடினத்துக்குப் போய்விடும் என்று நிறுவியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை வேறு என்றார் என் மாணவர். நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று குழாயை வாடகைக்கு எடுக்கின்றன. தன் இழை எந்தப் பாலத்தில் கிடக்கிறது என்பது வாடகைக்கு எடுத்தவருக்கே சில வேளை தெரியாது.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது. இது எனக்குப் புதிய பாடமல்ல. ஹதீஸ் கலையில் ஒவ்வோர் அறிவிப்பாளர் வரிசைக்கும் நாங்கள் சொல்லும் பெயரே 'தரீக்', அதாவது வழி. ஒரு செய்தி எத்தனை வழிகளில் வருகிறது என்று எண்ணுவதோடு நிற்கமாட்டோம். அவ்வழிகள் மேலே எங்கேனும் ஒரே மனிதரிடம் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்போம். புகாரியின் முதல் நபிமொழியை, எண்ணத்தைப் பற்றியதை, எத்தனையோ பேர் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை வழிகளும் யஹ்யா இப்னு ஸயீத் என்ற ஒருவரிடம் வந்து குவிகின்றன. அவருக்கு மேலே உமர் (ரலி) அவர்கள் வரையிலும் ஒவ்வொரு படியிலும் ஒருவரே. அதனால்தான் அறிஞர்கள் அதை முத்தவாத்திர் என்று சொல்லாமல், தனி வழியில் தொடங்கிய செய்தி என்கிறார்கள். ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் படம் இது. இதைச் சொன்னபோது என் மாணவர் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

இந்த ஒப்புமையை நெடுந்தூரம் இழுக்கக்கூடாது என்பதும் தெரியும். அங்கே நடுவில் நிற்கும் ஒருவர் நம்பகமானவராக இருந்தால் செய்தி ஸஹீஹ்தான். ஒருவரே என்பது குறையாகாது. பாலத்துக்கு அத்தகைய நம்பகம் எதுவும் இல்லை. ஆனாலும், வழிகளை எண்ணிவிட்டு அவை சேரும் இடத்தைத் தேடாத மாணவனை நான் வகுப்பில் விட்டுவைக்கமாட்டேன். என் வாப்பா இருக்கும் வீட்டுக்கு இணைப்பு எடுக்கும்போது அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. இரண்டு ரசீதுகளைப் பார்த்தேன். இரண்டு வழிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் லைன்மேனை அழைத்துக்கொண்டு போனேன். அறுந்த இடத்தைக் காட்டினார். ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இருந்த இடத்தில் இரண்டு குழாய்கள் வாய்பிளந்து கிடந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று ஆரஞ்சு. அவற்றுக்கு மேலேயே புதிய இழைகள் இரண்டையும் ஒரே கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "அவசரத்துக்கு இதுதான் தோது, ஹஜ்ரத்" என்றார் அவர். அவரைக் குறைசொல்ல முடியாது. இணைப்பு எப்போது வரும் என்று ஊரே அவரைத் துரத்திக்கொண்டிருந்தது.

கம்பி இணைப்பை மட்டுமாவது திருச்செந்தூர்ப் பக்கமாக வருகிற வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தேன். நீளம் கூடுதல், பணமும் கூடுதல். கூடுதல் எவ்வளவு, அதற்குக் கிடைக்கும் காப்பு எவ்வளவு என்பதுதான் தன் ஆய்வின் பாதி என்று என் மாணவர் சொல்லியிருந்ததால் பேரம் பேசவில்லை. இணைத்த அன்று மாலை, சாய்வு நாற்காலியில் இருந்த வாப்பாவிடம் தாளை விரித்து எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "சரி வாப்பா, அந்தப் பக்கம் வர்றது எந்தப் பாலத்து மேல வருது?" என்று கேட்டார்கள்.

மாணவரைத் தொலைபேசியில் அழைத்து அதையே கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"விசாரித்துச் சொல்கிறேன், ஹஜ்ரத்" என்றார்.