புணை

முதலாண்டு மாணவர்களுக்குச் சொற்களின் பயணத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் நான் தவறாமல் எடுத்துக்கொள்ளும் சொல், கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கண்ட அந்த மிதவையை வில்லியம் டாம்பியர், 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் தமிழ்ப்பெயராலேயே குறித்ததைச் சொல்வேன். 1876இல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல்கொண்ட பாய்மரப் படகை நியூயார்க் போட்டியில் இறக்கியதையும், நாளடைவில் மேலைநாட்டில் அச்சொல் இரட்டைப் படகுக்கே உரியதாகிவிட்டதையும் சொல்வேன். மாணவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் படரும். எனக்கும் படரும். மணி அடித்துவிடும்.

இத்தனைக்கும் நான் கட்டுமரத்தில் ஏறியவனில்லை. எனக்கு நீந்தவும் தெரியாது.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையுள்ள சாலையில் போகிறவர்கள் தொழிற்சாலைகளைத்தான் பார்ப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு கைபேசி, லாரி, மோட்டார் சைக்கிள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; சில போகவும் செய்தன. அந்த மதில்களுக்குப் பின்னால் ஏரிகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிச் சித்திரைக்குள் வற்றிவிடுகிற சிற்றேரிகள். ஏலம் எடுத்தவரிடம் பேசிவைத்துக்கொண்டு அவற்றில் இரவு வலை விரித்து, விடியுமுன் எடுத்து, ஏழு மணிக்குள் சாலையோரத்தில் விற்று முடிப்பவர்கள் உண்டு. என்னிடம் இளங்கலை படித்த ஒருவனும் அவர்களில் ஒருவன். ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணி செய்கிறான். காலை ஷிப்டுக்கு முன்னால் ஏரி.

அவன் அப்பாவும் அதே ஏரியில் மீன் பிடித்தவர். லாரி டயரின் உள் ட்யூபை ஊதி, அதன்மேல் பலகை கட்டிப் போவார். நான்காண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை இரவில், நீருக்கடியில் நின்ற வேலிக்காத்தான் முள் ட்யூபைக் கிழித்துவிட்டது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்தான். வலை காலைச் சுற்றிக்கொண்டது. நான் துக்கத்துக்குப் போயிருந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொல்லத் தகுந்ததாக எதையும் சொல்லியிருக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு, ஒரகடத்தில் பொறியாளராக இருக்கும் என் மைத்துனன் ஒரு காயக் வாங்கினான். பத்தடி நீளம், இருபத்தைந்து கிலோ எடை, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக். உள்ளே கால் நீட்டி அமரும் எஸ்கிமோ வகை அல்ல. மேலே ஏறி உட்காரும் வகை. கால் வைக்கும் பள்ளத்திலும் இருக்கைக்குக் கீழும் அடிவரை ஊடுருவும் துளைகள் இருந்தன. "என்னடா, ஓட்டைப் படகை வாங்கியிருக்கிறாய்?" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். மேல்தளமும் அடித்தளமும் சேர்ந்து, காற்றடைத்த மூடிய கூடு. துளைகள் அந்தக் கூட்டுக்குள் திறப்பதில்லை. குழாய்போல் அதைக் கடந்து போகின்றன. உட்காரும் தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் அலையடித்து விழும் நீர் தானே வடிந்துவிடும். இறைக்க வேண்டியதில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது.

கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரங்களுக்கிடையே நீர் ஏறி இறங்கும், கவிழ்ந்தாலும் மூழ்காத, மேலே அமர்ந்து செலுத்தும் கலம்; இது கட்டுமரத்தின் இலக்கணம் அல்லவா? இந்தவகைக் காயக்கை 1970களில் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் அலைச்சறுக்குப் பலகையிலிருந்து உருவாக்கினாராம். அவர் கட்டுமரத்தைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். தேவை ஒன்றாக இருந்தால் விடையும் ஒன்றாகிவிடுகிறது போலும். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் அருகி, கண்ணாடியிழைப் படகுகள் மிகுந்தன. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' அதே ஆண்டில் வெளிவந்தது என்பதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

மைத்துனன் அதை மீன்பிடிக்க ஏற்றதாக்கினான். தூண்டில் கழி செருக இரண்டு குழல்கள், பின்பக்கம் பொருள் வைக்கப் பால்கூடை, சிறு நங்கூரம், துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறு. இரண்டு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கினான். "மாமா, நம்ம பையனிடம் கொடுத்துப் பார்ப்போம். நன்றாக இருக்கிறது என்றால் அவனே வைத்துக்கொள்ளட்டும்" என்றான். நல்ல மனம் அவனுக்கு.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஏரிக்குப் போனோம். மாணவன் தன் மிதவையோடு வந்திருந்தான். தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பொதிந்து வரும் தெர்மோகோல் பாளங்களை அடுக்கி, பழைய பிளெக்ஸ் பேனரால் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கி, மேலே மூங்கில் பத்தை கட்டியது. ஆறடிக்கு மூன்றடி, அரையடி உயரம். பேனரில் ஒரு தலைவர் பாதி முகத்தோடு கைகூப்பிக்கொண்டிருந்தார். நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒன்பது கன அடி, இருநூற்று ஐம்பது கிலோவுக்கு அருகே தாங்கும். அவனுக்கு ஆன செலவு எண்ணூறு ரூபாய்.

அவன் காயக்கில் ஏறி அரைமணி நேரம் சுற்றினான். வலையை விரித்தான், எடுத்தான். ஜிலேபிக் கெண்டை ஏழெட்டு, ஒரு விரால். கரைக்கு வந்து, பரீட்சைத் தாள் திருத்துபவன்போல் நிதானமாகச் சொன்னான்.

"ஓட்டம் நல்லாருக்குங்கய்யா. என்னுது நாலு துடுப்பு போட்டா இது ஒரு துடுப்புல போவுது. முள்ளு ஒண்ணும் பண்ணாது. ஆனா வல மாட்டுது. இந்தக் குழல்ல மாட்டுது, கூடையில மாட்டுது, கொக்கியில மாட்டுது. இருட்டுல எப்படி எடுக்கறது? ஈர வலயயும் மீனயும் ஏத்தினா ஓட்ட வழியா தண்ணி மேல வருது, உக்கார முடியல. துடுப்பு பட்டா மோளம் மாதிரி சத்தம் வேற, மீனு கலஞ்சிடும்."

தூண்டில்காரனுக்கு அணிகலனாக இருப்பது வலைக்காரனுக்கு முள்ளாக இருக்கிறது என்று புரிந்தது. மைத்துனன் அங்கேயே திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான். குழல்கள் போயின, கூடையும் போயிற்று. மொட்டையாக நின்ற படகு இன்னும் அதிகமாகக் கட்டுமரம்போல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கும் ஆசை வந்தது. ஜாக்கெட்டின் கொக்கிகளை மைத்துனன் தானே மாட்டிவிட்டான். இருபது கஜம் போயிருப்பேன். நீரில் மிதந்த ஏதோ ஒன்றை எடுக்கப் பக்கவாட்டில் சாய்ந்தேன், அவ்வளவுதான். காதில் நீர், வாயில் நீர், காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பிறகு ஜாக்கெட் என்னை மேலே தூக்கி நிறுத்தியது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக மிதந்தேன். அச்சத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவன் தன் தெர்மோகோல் மிதவையில் வந்து சேர்ந்தான். "புடிச்சித் தொங்காதீங்கய்யா. மாரக் குறுக்கப் போட்டு கால உதைங்க" என்றான். உதைத்தேன், மீன்போல் அதன்மேல் சரிந்து விழுந்தேன். காயக்கை அவன் ஒரு கையால் புரட்டினான். துளைகள் வழியே நீர் வடிந்து, ஒன்றும் நடக்காததுபோல் அது நின்றது. துடுப்பு கயிற்றில் பிணைந்திருந்தது. நான் கட்டாமல் வைத்திருந்த கைபேசி ஏரிக்குப் போய்விட்டது.

கரையில் துவட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்த சொல் புணை. பழந்தமிழில் அது தெப்பத்தைக் குறிக்கும்; பற்றுக்கோட்டையும் குறிக்கும்; ஒருவருக்காக இன்னொருவர் நிற்கும் பிணையையும் குறிக்கும். வகுப்பில் இம்மூன்றையும் தனித்தனியாக எழுதிப்போட்டிருக்கிறேன். மூன்றும் ஏன் ஒரே சொல்லில் வந்து கூடின என்பதை அன்றுதான் என் உடம்பு அறிந்தது.

காயக்கை அவன் வாங்கிக்கொள்ளவில்லை. "இது ஒடஞ்சா நான் எங்க போவேன்? என்னுது ஒடஞ்சா வேற தெர்மோகோல் கெடைக்கும்" என்றான். மறுக்க முடியாத நியாயம். ஆனால் ஜாக்கெட் ஒன்றை அவனிடம் வலிந்து கொடுத்தோம். இரு வாரம் கழித்துப் போனபோது அதை மிதவையில் மெத்தையாகப் போட்டு உட்கார்ந்திருந்தான். கேட்டால், கொக்கியில் வலை மாட்டுகிறதாம்.

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தோம். ஜாக்கெட்டின்மேல் அவன் அப்பாவின் பழைய தொளதொளச் சட்டையை மாட்டிப் பொத்தானிட்டால் கொக்கிகள் மறைந்துவிட்டன. சட்டைப் பையில் வலையறுக்க ஒரு சிறு கத்தி, கயிற்றில் கட்டி. யோசனை மைத்துனனுடையது, சட்டையை எடுத்து வந்தவர் அவன் அம்மா.

"நான் சொன்னா கேக்க மாட்டான். நீங்க சொன்னா போடுவான்யா" என்றார் அவர்.

நான் சொன்னேன். இப்போது வாரம் ஒருமுறை விடியலில் போய்க் கரையில் நிற்கிறேன். இருட்டில் முதலில் தெரிவது அந்த வெள்ளைச் சட்டைதான்.